மெஷினை சர்வரோடு இணைத்துத் தருபவர்களுக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன்

"12 மெஷினும் கனெக்ட் ஆகிவிட்டது" என்று தொழிற்சாலையில் இணைப்பு வேலை செய்தவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். திரையில் பன்னிரண்டும் பச்சையாகத்தான் இருந்தன. பேனலைத் திறந்தால், பிஎல்சியோடு (மெஷினை இயக்கும் சிறு கணினி) சர்வர் உண்மையில் பேசுவது இரண்டே மெஷினில். மிச்சம் பத்திலும் டவர் லேம்பின் (மெஷின் நிலையைக் காட்டும் விளக்குக் கம்பம்) பச்சை விளக்கு வயரிலிருந்து ஒரு சிக்னலை இழுத்து கேட்வேயில் (தரவைச் சர்வருக்கு அனுப்பும் பெட்டி) கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோ மோடில் பொருள் வராமல் காத்து நிற்கும்போதும் அந்தப் பச்சை எரியும். அதையெல்லாம் ஓடிய நேரமாக சர்வர் எழுதிக்கொண்டிருந்தது. டெமோ காட்டியதோ ஓபிசி யுஏ (தரவைப் பரிமாறும் ஒரு பொது நெறிமுறை) வசதி உள்ள புது மெஷினில்.

அந்த இரண்டிலாவது எண்ணிக்கை சரியா என்றால் அதுவும் இல்லை. ஒரு பீஸ் முடிந்ததும் அரை விநாடி மட்டும் ஆன் ஆகும் பிட்டை (ஆன்/ஆஃப் குறி) 5 விநாடிக்கு ஒருமுறை வாசித்தார்கள். பெரும்பாலான பீஸ்கள் கண்ணில் படவே இல்லை. கேட்டபோது, வேகமாக வாசிக்க இன்னும் பெரிய கேட்வே வாங்கச் சொன்னார்கள். வாங்காதீர்கள். பிஎல்சிக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும் கவுண்டர் ஒன்றை வைத்து, இப்போதைய மதிப்பிலிருந்து முந்தைய மதிப்பைக் கழித்தால் போதும். நடுவே நாலு வாசிப்பு தவறினாலும் மொத்தம் தப்பாது. 16 பிட் கவுண்டர் 65535-க்குப் பிறகு 0-க்குத் திரும்பும். சாஃப்ட்வேர் அதைக் கவனிக்காவிட்டால் அந்த ஷிப்டில் உற்பத்தி மைனஸில் போகும்.

மாட்பஸில் (கருவிகள் தரவு பேசும் இன்னொரு நெறிமுறை) வந்த வெப்பநிலை தாறுமாறாக இருந்தது. "சென்சார் போய்விட்டது" என்று புதுசுக்கு பில் போட்டார்கள்; சென்சாரில் ஒரு குறையும் இல்லை. 32 பிட் எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (16 பிட் நினைவிடங்கள்) வரும். எது முன்னால், எது பின்னால் என்பது மாறினால் அர்த்தமில்லாத எண்தான் கிடைக்கும். செட்டிங்கில் ஒரு மாற்றம் செய்தால் முடிந்தது. மேனுவலில் ரெஜிஸ்டர் 40001 என்று இருப்பதை முகவரி 0 என்றுதான் கேட்க வேண்டும். இதில் ஒன்று தள்ளிப்போனாலும் வேறு எதையோ வாசிப்போம்.

பணம் பாக்கி இருக்கும்போதே இரண்டு சோதனை செய்யுங்கள். மெஷின் ஓடும்போது நெட்வொர்க் கேபிளை அரை மணி நேரம் பிடுங்கி வையுங்கள். திரும்பச் சொருகியதும் அந்த அரை மணி நேரத்துத் தரவு உரிய நேரக்குறிப்போடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் கேட்வேயில் சேமிப்பு வசதி இல்லை, அல்லது அதை ஆன் செய்யவில்லை. அடுத்தது, ஒரு முழு ஷிப்டு கையால் எண்ணி ஒப்பிடுவது.

ஆர்டரில் "12 மெஷின் இணைப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் எந்த டேக் (வாசிக்கும் மதிப்பின் பெயர்), எந்த முகவரியிலிருந்து, எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று பட்டியலே வேண்டும். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்கள் கை வைப்பதற்கு முன்னும் பின்னும் பிஎல்சி புரோகிராமை பேக்கப் எடுத்து வையுங்கள், பாஸ்வேர்டுகளோடு.

பேனலின் மூலையில் யாரும் சொல்லாத 4ஜி ரௌட்டர் ஒன்றும் இருந்தது. மாட்பஸ் டிசிபிக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அது பயன்படுத்தும் 502 போர்ட்டை நெட்வொர்க்கில் எட்டியவர் வாசிக்க மட்டுமல்ல, எழுதவும் முடியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் சிம்மைக் கழற்றுங்கள். விளக்கம் பிறகு கேட்கலாம்.