அம்மம்மாவின் நினைவு மலர்: யாழ்ப்பாணத்து அச்சகங்களை எதுவரை நம்பலாம்?

ஒருவர் இறந்த 31ம் நாளுக்கு நினைவு மலர் அடித்துத் தரும் சேவை இப்போது யாழ் நகரில் மட்டுமல்ல, மானிப்பாய், சுன்னாகம், சாவகச்சேரி என்று பெரிய சந்திகளிலும் கிடைக்கிறது. மலர், நினைவு அட்டை, அழைப்பிதழ், பத்திரிகை அறிவித்தல், பதாகை எல்லாவற்றையும் ஒன்றாகவே பொறுப்பெடுப்பார்கள். அச்சிலும் வேகத்திலும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை உள்ளடக்கத்தில்தான். கோவிலும் செபமாலையுமாய் வாழ்ந்த ஒரு தாயின் மலரை முழுவதுமாக அவர்கள் கையில் விட்டால், எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்துகிற ஒரு புத்தகம்தான் திரும்பி வரும்.

காரணம் எளிது. இந்த வேலை இங்கே சைவ வீட்டுக் கல்வெட்டை, அதாவது இறந்தவரைப் பாடும் நினைவு நூலை, வைத்து வளர்ந்தது. கணனியில் இருக்கும் மாதிரிப் பக்கங்களும் அதற்கானவை: திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு), தேவாரம், குத்துவிளக்குக் கரை. கிறிஸ்தவ வீட்டுக்கு வரும்போது விளக்கை எடுத்துவிட்டுச் சிலுவையை வைப்பார்கள். மற்றது அப்படியே நிற்கும். "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய" என்ற வரி அப்படித் தங்கிவிடுவதுதான். கத்தோலிக்க வீட்டில் அந்த இடத்தில் நித்திய இளைப்பாற்றிச் செபம் வரவேண்டும். தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த வீடுகளில் இறந்தவருக்காகச் செபிக்கும் வழக்கமே இல்லை. அங்கே நடப்பது நன்றி வழிபாடு. ஓர்டர் கொடுக்கும்போதே எந்தச் சபை என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் தாமாகக் கேட்பது அபூர்வம்.

வசனங்களிலும் இதே சிக்கல். பாட்டி ஒருவருக்குப் போட மிகப் பொருத்தமான வசனம் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம், 1:5. விசுவாசம் பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகனுக்கும் வந்ததை அவர் பெயர் சொல்லியே எழுதுகிறார். புரட்டஸ்தாந்து சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் பெயர்கள் லோவிசாள், ஐனிக்கேயாள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் லோயி, யூனிக்கி. இணையத்தில் தேடி ஒட்டும் கடைகளில் ஒரே மலரின் முன்பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பும் பின்பக்கத்தில் இன்னொன்றும் வந்துவிடும். "கர்த்தர் என் மேய்ப்பர்" 23ம் சங்கீதம். பழைய கத்தோலிக்க நூல்களில் அதே பாடல் 22. அம்மா பாவித்த வேதாகமத்தைத் திறந்து அதிலுள்ளபடியே ரைப் பண்ணிக் கொடுப்பதே நல்லது.

வாழ்க்கைக் குறிப்பை "நாங்களே எழுதித் தருகிறோம்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. அந்தப் பகுதிக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டாம். "இறைபக்தி மிக்கவராகவும் விருந்தோம்பலில் சிறந்தவராகவும் வாழ்ந்து" என்ற வசனத்தை யாருக்கும் போடலாம், அதனால் யாரையும் அது காட்டாது. வீட்டார் உட்கார்ந்து இவற்றைச் சேர்த்தால் போதும்: திருமுழுக்குப் பெற்ற கோவிலும் திகதியும் (பங்குப் பதிவேட்டில் பார்க்கலாம்), உறுதிபூசுதல், திருமணம், படித்த பள்ளிக்கூடம், மரியாயின் சேனையிலோ மாதர் சங்கத்திலோ ஞாயிறு பாடசாலையிலோ செய்த வேலை. பிறகு ஒரே ஒரு பழக்கத்தைக் கிட்டப் பார்த்து எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழும்பிச் செபமாலை சொன்னார், பேரப்பிள்ளைகளில் யாரைப் பக்கத்தில் இருத்தினார், தவக்கால வெள்ளியில் என்ன சமைத்தார், வேதாகமத்தின் முதல் தாளில் யார் யாருடைய பிறந்த திகதியை எழுதிவைத்தார். அந்தத் தாளையே ஸ்கான் பண்ணி ஒரு பக்கத்தில் போட்டால் அதைவிட நல்ல பக்கம் மலரில் இராது.

உறவுமுறைப் பட்டியலை வேறொரு ஆளும் ஒருதடவை பார்க்கவேண்டும். மகளின் பிள்ளைகளுக்கு அம்மம்மா, மகனின் பிள்ளைகளுக்கு அப்பம்மா; இரண்டும் மாறிப்போவது வழக்கம். பூட்டப்பிள்ளைகள், வெளிநாட்டு மருமக்களின் பெயர்கள், "காலஞ்சென்ற" என்பது யாருக்கு முன்னால் வருகிறது என்பன சண்டை வரும் இடங்கள்.

படங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். பலருக்கு மிஞ்சிய பழைய படம் அடையாள அட்டையில் உள்ளதுதான். கடவுச்சீட்டு அளவுப் படத்தை, அதாவது 35க்கு 45 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்தால் 7க்கு 9 சென்ரிமீற்றர்வரை தெளிவாக வரும். முழுப்பக்கத்துக்கு 1200 கேளுங்கள். கைத்தொலைபேசியால் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்பவேண்டும். இப்போதைய புதுக்கோளாறு, செயற்கை நுண்ணறிவுச் செயலியால் படத்தை "வடிவாக்குவது". சுருக்கம் போகும், கூடவே முகமும் போகும். தாலியில் இருந்த புறாவும் சிலுவையும் ஏதோ ஒரு பூவாகிவிடும். மூலப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

எழுத்துருவும் தலையிடி. கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. கனடாவிலிருந்து மகன் அனுப்புவது யுனிகோட். மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் கொம்பு, கால்களும் இடம்மாறும். ஜோசப், எலிஸபெத், ஸ்ரீபன் என்று கிரந்தம் நிறைந்த கிறிஸ்தவப் பெயர்களில்தான் அடி அதிகம் விழும். புரூவை, அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரியை, திரையில் பார்ப்பது போதாது, தாளில் எடுத்துப் பாருங்கள். கவிதைக்குப் பின்னால் மங்கலாக மாதா படமோ கோவில் முகப்போ போடுவதை அநேகமாக எல்லாக் கடையும் செய்யும். வயதானவர்களால் வாசிக்க முடியாது, எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து 12 புள்ளிக்குக் குறையவேண்டாம்.

பக்கங்கள் நாலின் மடங்கில் இருக்கவேண்டும், நடுவில் கம்பிப் பின் அடிக்கும் மலருக்கு. ஏ5 அளவில் 24 பக்கம், உள்ளே 130 கிராம் ஆர்ட் தாள், அட்டை 250 கிராம் என்றால் ஒரு பிரதி ஏறக்குறைய 65 கிராம் வரும். 100 பிரதி வெளிநாட்டுக்குப் போவதானால் பெட்டியில் ஆறரைக் கிலோ. லமினேற் பண்ணிய அட்டையில் மடிக்குமுன் மடிப்புக்கோடு போட்டிருக்காவிட்டால் முதுகு வெடிக்கும். சில நூறு பிரதிக்கு ஓவ்செற், நூறுக்குள் என்றால் டிஜிற்றல். ஓவ்செற்றில் தகட்டுச் செலவு ஒன்றுதான் என்பதால் 100க்கும் 300க்கும் விலை அவ்வளவு தள்ளி நிற்காது.

15ம் நாளுக்குள் எழுத்தும் படமும் கடைக்குப் போய், 22க்குள் இரண்டு புரூவ் முடிந்தால் அவதி இல்லை. கடைசி வாரத்தில் கொடுப்பவர்களுக்குத்தான் லமினேசன் காயாமல் ஒட்டிய பிரதிகள் வருகின்றன.

மிச்சக் காசு கொடுக்குமுன் எழுத்துரு பதிந்த பீ.டி.எவ். கோப்பை வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கணனி மாறிவிட்டது என்பார்கள். ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிமக் காப்பகத்தில் நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. அங்கே கொடுக்கும் பிரதியில் அடையாள அட்டை இலக்கமும் பிள்ளைகளின் தொலைபேசி எண்களும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.