ஸ்டோர்ஸ் ஆள் பார்வையில் ஒரு எம்.ஐ.எஸ். மென்பொருள்: ஐந்துக்கு மூன்று

எம்.ஐ.எஸ். என்பது நிர்வாகத்துக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டித் தருகிற மென்பொருள். இந்த மாதிரி மென்பொருள்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டு, அதாவது மொத்த நிலவரத்தையும் சுருக்கிக் காட்டும் திரை, பார்க்கிறவர்கள். நான் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கிறேன், அந்த டேஷ்போர்டுக்குத் தீனி போடுகிற ஆள். மென்பொருளின் பெயர் வேண்டாம். விற்றவர்கள் இன்னும் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் விதிவிலக்கு ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. ரீ-ஆர்டர் அளவுக்குக் கீழே இறங்கிய சரக்கு, தேதி தாண்டியும் வராத ஆர்டர், நெடுநாளாக யாரும் தொடாமல் கிடக்கும் பாகம், இவை மட்டும் காலையில் ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஒழுங்காக நடப்பது எதுவும் அதில் இருக்காது. முன்பெல்லாம் முழு ஸ்டாக் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு பேனாவால் சுழித்துச் சுழித்துத் தேடுவோம். இப்போது நான் பர்ச்சேஸுக்குப் போன் போட்டால் அவர்கள் முன்னாலும் அதே பக்கம்தான் இருக்கிறது. "நீங்க சொல்லவே இல்லையே" என்ற பேச்சு நின்றுபோனது. மூன்று நட்சத்திரத்தில் இரண்டு இதற்கே.

நிர்வாகவியல் அறிஞர் ரஸ்ஸல் அக்காஃப் 1967-லேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார்: நிர்வாகிகளுக்குத் தகவல் போதாமல் இருப்பதைவிட, வேண்டாத தகவல் வந்து குவிவதுதான் பெரிய தொல்லை. இந்த மென்பொருளைச் செய்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கிறது. மீதிப் பேர் டேஷ்போர்டைச் செய்திருக்கிறார்கள்.

வண்ண வட்டங்களும் அசையும் முட்களுமாகப் பார்க்க அமர்க்களம்தான். ஆனால் எண்கள் ராத்திரியில் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகின்றன. திரையின் மூலையிலோ இந்த நிமிஷத்து நேரம் ஓடுகிறது. மத்தியானம் அதைப் பார்க்கிற மேலாளர், காலையில் வந்து இறங்கிய சரக்கு எங்கே என்று என்னைக் கேட்பார். 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

உண்மையான சிக்கல் கீழே, என்ட்ரி திரையில். உற்பத்திப் பிரிவு "நூறு பம்பு முடிந்தது" என்று பதிந்தால், ஒரு பம்புக்கு என்னென்ன பாகம் என்ற பி.ஓ.எம். பட்டியலை வைத்து மென்பொருள் தானாகவே கையிருப்பைக் கழித்துவிடும். வேலை மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொருத்தும்போது உடைந்ததும் மாற்றிப் போட்டதும் அந்தப் பட்டியலில் வராது. ஸ்கிராப்பைத் தனியாகப் பதிய வேண்டும். அந்தத் திரை மெனுவுக்குள் மெனுவாக எங்கோ ஒளிந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து கை கழுவப் போகிற நேரத்தில் அதை யார் தேடிப் போவார்கள்? அதனால் கணினியில் இருக்கிற பேரிங் ரேக்கில் இருப்பதில்லை. இதற்கு நேர்மாறும் நடக்கும். சரக்கு வந்து சேர்ந்ததைப் பதிகிற ஜி.ஆர்.என். போடுவதற்குள் அவசரமாக எடுத்துப்போனால் ஸ்டாக் மைனஸில் நிற்கும். மைனஸ் எட்டு பேரிங்கை நான் எந்த ரேக்கில் போய் எண்ணுவது?

ஐட்டம் கோடு இன்னொரு தலைவலி. 'பேரிங் 6204', '6204 பால் பேரிங்', 'பி.ஆர்.ஜி. 6204' என்று மூன்று பெயரில் பதிந்தாலும் இது வாய் திறக்காது. மூன்றும் அதே 20 மி.மீ. உள்விட்ட பேரிங்தான். ஒரு கோடில் நிறையக் கிடக்கும், இன்னொன்றில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் புதிதாக ஆர்டர் போய்விடும். நான் புகழ்ந்த அதே விதிவிலக்கு ரிப்போர்ட்தான் அந்த ஆர்டரைப் போடச் சொல்லும்.

மாதக் கடைசி ரிப்போர்ட்டுகள் பரவாயில்லை. எந்த சப்ளையர் எத்தனை நாள் தாமதம் என்ற பட்டியல் பேரம் பேச நன்றாகவே உதவுகிறது. அடுத்த வருஷம் எந்தப் பொருளை விடுவது, எதில் முதலீடு செய்வது என்பதற்கும் இதுவே வழிகாட்டும் என்று விற்கும்போது சொன்னார்கள். அதற்கெல்லாம் எங்கள் நிர்வாகம் இன்றும் எக்ஸலைத்தான் திறக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: டெமோவில் டேஷ்போர்டைத் திறக்க விடாதீர்கள். ஸ்கிராப் என்ட்ரி ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இருக்கிற ஐட்டத்தையே வேறு பெயரில் பதிந்து, தடுக்கிறதா என்று பாருங்கள். ஸ்டோர்ஸில் வேலை செய்கிற ஒருவரை அந்த அறையில் உட்கார வையுங்கள். ரிப்போர்ட்டில் ஒரு பத்தி சேர்க்கக்கூடத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அதையும் கையெழுத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.