அம்பும் வினையெச்சமும்: க்ளோஜருடன் எட்டு ஆண்டுகள்

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஐந்து பேர் உட்காரும் அலுவலகம் எங்களுடையது. சரக்கு நிறுவனங்களுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். எட்டு ஆண்டுகளாக எல்லாமே க்ளோஜர் என்ற நிரலாக்க மொழியில்தான். புதிதாகக் கேள்விப்பட்டு வந்த உற்சாகமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. அதனால் இப்போது எழுதினால் ஓரளவு நிதானமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட மொழி இது. ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடும் லிஸ்ப், அதாவது எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதும் பழைய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. க்ளோஷர் என்ற பழைய நிரலாக்கச் சொல்லும் இந்தப் பெயரும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, ஜ போட்டு எழுதிவிடலாம்.

எல்லாரும் முதலில் கேட்பது அடைப்புக்குறி பற்றித்தான். உண்மையில் அவற்றை நான் எண்ணுவதே இல்லை. அடைப்புக்குறிகளைக் கவனித்துக்கொள்ளும் பேர்எடிட் போட்ட எடிட்டரில் திறந்தால் மூடலும் சேர்ந்தே வரும், ஒன்றை மட்டும் தனியாக அழிக்க விடாது. பக்கத்தில் இருக்கும் சொல்லை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு விசை, வெளியே தள்ள ஒரு விசை. இரண்டு வாரம் கை தடுமாறும். பழகிய பிறகு வேறு மொழியில் எழுதும்போது அந்த விசைகளை விரல் தேடும்.

எனக்கு நிஜமாகவே நேரம் எடுத்தது சொல் வரிசை. லிஸ்ப்பில் வினை முன்னால் நிற்கும், எதன் மேல் என்பது பின்னால் வரும். மூன்று வேலைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால், கடைசியில் நடப்பது முதலில் தெரியும், முதலில் நடப்பது ஆழத்தில் புதைந்து கிடக்கும். அம்புக்குறி மேக்ரோ, அதாவது எழுதிய நிரலை ஓடுவதற்கு முன் வேறு வடிவத்துக்கு மாற்றித் தருவது, இதைப் புரட்டிப் போடுகிறது. ->> என்று தொடங்கி, முதலில் பில்களை வைத்து, அடுத்தடுத்த வரிகளில் கட்டாதவற்றை வடிகட்டி, தொகையை மட்டும் எடுத்து, கூட்டு என்று எழுதிக்கொண்டே போகலாம். ஒருநாள் அப்படி எழுதிய நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இது தமிழ் வாக்கியம். 'தேக்காவுக்குப் போய், மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்தாள்.' மூன்று வினையெச்சம், கடைசியில் ஒரு வினைமுற்று. அன்றிலிருந்து நான் எழுதும் நிரலை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். எச்சங்கள் ஆறு ஏழு ஆகி மூச்சு வாங்கினால் அங்கே வெட்டி, நடுவில் வந்த மதிப்புக்கு ஒரு பெயர் வைத்துவிடுவேன்.

ஒரு எரிச்சலும் உண்டு. பட்டியலைக் கையாளும் ஃபங்ஷன்கள் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டுகள்) பட்டியலைக் கடைசி இடத்தில் கேட்கும், மேப்பை (அகராதிபோல ஒரு கீக்கு ஒரு மதிப்பு என்று வைப்பது) கையாள்பவை மேப்பை முதல் இடத்தில் கேட்கும். அதற்காகத்தான் -> என்று இன்னொரு அம்பு. ஒரே தொடரில் இரண்டும் கலந்தால் நன்றாக இருக்காது. ஆஸ்-அம்பு என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்த்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்புறம், தரவைத் தரவாகவே விட்டுவைக்கும் பழக்கம். முன்பு நாங்கள் எழுதியிருந்த ஜாவா நிரலில் பொருள் சேவை வரி 0.07 என்று பல இடங்களில் சிதறிக் கிடந்தது. க்ளோஜருக்கு மாறியபோது வரி விகிதங்களைத் தேதி வரிசையிலான ஒரு மேப்பில் வைத்தோம். பில் தேதிக்கு முந்தைய அல்லது அதே நாளில் தொடங்கும் கடைசி விகிதத்தைத் தேட ஆர்சப்செக் என்ற ஃபங்ஷன் கூடவே வருகிறது. 2023 ஜனவரி 1 அன்று வரி 8 விழுக்காடு ஆனபோது அந்த மேப்பில் ஒரு பதிவு சேர்த்தோம். 2024 ஜனவரி 1 அன்று 9 ஆனபோது இன்னொரு பதிவு. 2022ஆம் ஆண்டுப் பில்லுக்குத் திருத்தம் போட்டால் இன்றும் சரியாக 7தான் வரும். கிளாஸ் இல்லை, இன்டர்ஃபேஸ் இல்லை, வெறும் தேதியும் எண்ணும்தான்.

என்னை இத்தனை காலம் கட்டிப்போட்டது ரெப்பிள், அதாவது நிரல் துண்டைக் கொடுத்தால் உடனே ஓட்டி விடை காட்டும் வசதி. கறுப்புத் திரையில் வரி வரியாகத் தட்டுவதை நான் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு எடிட்டரை இணைத்து, கோப்பில் இருக்கும் ஒரு துண்டின் மேல் கர்சரை வைத்து விசையைத் தட்டினால் விடை பக்கத்திலேயே வந்து நிற்கும். ஃபங்ஷனைத் திருத்தி அதை மட்டும் மறுபடி ஏற்றலாம், எதையும் நிறுத்தித் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு கோப்பின் அடியிலும் காமென்ட் என்று, தானாக ஓடாத ஓர் அடைப்பு வைத்து, முயன்று பார்த்த அழைப்புகளை அங்கேயே விட்டுவைக்கிறோம். ஆறு மாதம் கழித்து வருகிறவருக்குத் தனி ஆவணத்தைவிட அதுதான் உதவுகிறது.

ஆனால் ரெப்பிள் ஏமாற்றவும் செய்யும். ஒரு வாடிக்கையாளரின் கோப்பை, வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் வித்-ஓப்பனில் திறந்து, வரிகளை மேப் என்ற ஃபங்ஷனால் (முன்பு சொன்ன அகராதி மேப் இல்லை, பட்டியலில் ஒவ்வொன்றையும் மாற்றுவது) மாற்றித் திருப்பித் தரும்படி எழுதியிருந்தேன். எத்தனை வரி என்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட் போட்டிருந்தேன். பிரமாதமாக ஓடியது. வெளியிடும் முன் வீட்டைப் பெருக்குவதுபோல அந்தப் பிரின்டை எடுத்துவிட்டேன். அன்றிரவே பிழை: கோப்பு மூடியாகிவிட்டது. மேப் ஒரு சோம்பேறி, கேட்கும்வரை எதையும் செய்யாது. எண்ணச் சொன்னதால்தான் அதுவரை கோப்பு திறந்திருக்கும்போதே எல்லா வரியையும் படித்திருந்தது. அந்தத் துப்புக்கெட்ட பிரின்ட்தான் தூணாக நின்றிருக்கிறது. இப்போது கோப்பு பக்கம் போனாலே மேப்வி, அதாவது உடனே வேலையை முடித்துவிடும் அண்ணன்.

இன்னொன்று சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரியது. மரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து அஞ்சல் குறியீடுகள் பூஜ்யத்தில் தொடங்கும். மேற்கோள் குறி போட மறந்து சோதனைத் தரவில் 018956 என்று தட்டினால் க்ளோஜர் உடனே முறைக்கும், ஏனென்றால் முன்னால் பூஜ்யம் வந்தால் அதற்கு அது எட்டடிமான எண், அதில் 8க்கும் 9க்கும் இடமில்லை. முறைத்தால் நல்லது. எட்டும் ஒன்பதும் இல்லாத குறியீடாக இருந்தால் சத்தமில்லாமல் வேறொரு எண்ணாக்கிவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது, அரை நாள் போயிற்று.

கருவிகளைப் பொறுத்தவரை நான் ஈமாக்ஸ் எடிட்டரில் சைடர், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு விஎஸ் கோட் எடிட்டரில் கால்வா; இரண்டும் எடிட்டரை ரெப்பிளோடு இணைப்பவை. திட்டத்துக்கு வேண்டிய நூலகங்களைக் கொண்டுவரும் லைனிங்கனிலிருந்து அதே வேலைக்கான டெப்ஸ் கோப்புக்கு மாறினோம், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிரலில் தவறு தேடும் சிஎல்ஜே-கொண்டோ மட்டும் கட்டாயம். ஒரு ஃபங்ஷனுக்குத் தவறான எண்ணிக்கையில் ஆர்க்யுமென்ட் (உள்ளீடு) கொடுத்தால் ஓடுவதற்கு முன்பே சொல்லிவிடும். ஆனால் மேப்பின் கீயைத் தப்பாக எழுதினால் அதுவும் பிடிக்காது, நில் என்ற வெறுமைதான் வரும். அது ஐந்து ஃபங்ஷன் தாண்டி எங்கோ வெடிக்கும்போது வரும் பிழைச் செய்தி ஜாவா கிளாஸ் பெயர்களின் ஊர்வலம். எட்டு ஆண்டில் கொஞ்சம் தேறியிருக்கிறது, அவ்வளவே. ஆள் கிடைப்பதும் கஷ்டம். க்ளோஜர் தெரிந்தவரைத் தேடுவதை விட்டுவிட்டோம், கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவரை எடுத்து மூன்று மாதம் ஒதுக்குகிறோம்.

மிகீல் போர்கென்ட் எழுதிய, சிறு க்ளோஜர் நிரல்களை ஓட்டும் பாபாஷ்காவை வீட்டிலும் வைத்திருக்கிறேன். வழக்கமான க்ளோஜர் எழுந்து உட்காரவே ஒரு நொடிக்கு மேல் எடுக்கும், இது இமைப்பதற்குள் ஓடிவிடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தரவுத் தளம் தரும் பேருந்து வருகைத் தகவலை எடுத்து, ஈசூன் வீட்டில் வாசல் பக்கம் இருக்கும் பழைய மடிக்கணினியில் காட்டுகிறது. கூட்டத்தை அது எஸ்இஏ, எஸ்டிஏ, எல்எஸ்டி என்ற மூன்று குறிகளில் தரும். நான் ஒரு மேப்பில் 'உட்காரலாம்', 'நிக்கலாம்', 'நெருக்கடி' என்று எழுதி வைத்தேன். க்ளோஜரில் மேப்பையே ஃபங்ஷனாக அழைக்கலாம் என்பதால் வேறெதுவும் தேவைப்படவில்லை.

போன மாதம் அம்மா போன் பண்ணினார். "ஏன்யா, ஒரு பஸ்தான் காட்டுது. அது நெருக்கடின்னா அடுத்தது எப்பன்னு தெரிய வேணாமா?"

மூன்று பேருந்துகளின் விவரம் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது, முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொடரிலிருந்து ஓர் எச்சத்தை எடுத்தேன். அம்மா செருப்பைத் தேடிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.