சுயசான்றா, வழக்கமான அனுமதியா? சேலத்தில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு

என் தங்கை கணவர் கந்தம்பட்டியில் 1,200 சதுர அடி மனை வாங்கி வைத்திருந்தார். வரைபட அனுமதிக்கு அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வழக்கம்போல் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துப் பரிசீலனை முடியும்வரை காத்திருப்பது. மற்றொன்று, கொடுத்த விவரங்கள் சரி என்று நாமே உறுதி சொல்லி அனுமதி பெறுகிற, 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறை.

சுயசான்றின் கவர்ச்சி வேகம்தான். தொடங்கியபோது வகுத்த அளவு இது: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும். பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றை இணையத்தில் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் இல்லை. பணி முடிவுச் சான்றும் கேட்பதில்லை. ஒரு கையால் வாடகையும் மறு கையால் கடன் தவணையும் கட்டுகிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் வழக்கமான வழியை நான் இகழ மாட்டேன். என் வீட்டுக்கு விண்ணப்பித்தபோது, மனையைப் பார்க்க வந்தவர் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு, பத்திரத்தில் இருக்கும் அகலம் தரையில் இல்லை என்றார். வரைபடத்தைத் திருத்தி மறுபடி கொடுக்க இரண்டு மாதம் போயிற்று. அன்று எரிச்சல்தான். அஸ்திவாரம் போட்டபின் தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டாரோடு வழக்கில் போய் நின்றிருப்பேன். சுயசான்றில் அந்த இரண்டாவது கண் கிடையாது. சொன்ன விவரம் தவறு என்று பின்னால் தெரிந்தால், பொறுப்பு முழுவதும் கையெழுத்திட்டவருடையது.

மனைப்பிரிவுக்கே அங்கீகாரம் இல்லையென்றால் எந்த வழியும் உதவாது. 2016 அக்டோபர் 20 வரை பத்திரப்பதிவான மனைகளுக்குத்தான், அங்கீகாரமில்லாதவற்றை முறைப்படுத்த வந்த 2017-இன் வரன்முறைத் திட்டம் இடம் கொடுத்தது. விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்து விற்ற இடங்கள் சேலத்தைச் சுற்றி நிறைய உண்டு, வாங்குமுன் கேளுங்கள்.

ஏற்காட்டில் மனை வைத்திருப்பவர்கள் சமவெளிக் கணக்கை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். அங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்தும் வேண்டும். நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். 2024 டிசம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் அதற்குக் குறைபட மாட்டார்கள்.

என் கருத்து இது: அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, தெளிவான பட்டா, சதுரமான மனை என்றால் சுயசான்று. பாகப்பிரிவினையில் வந்த நிலம், ஓடைக்கரை, கோணல் மனை என்றால் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு வழக்கமான வழி.

தங்கை கணவர் சுயசான்றையே எடுத்தார். அதற்கு முன் சர்வேயரை அழைத்து நான்கு மூலையையும் அளக்கச் சொன்னேன். கிழக்கே முக்கால் அடி குறைந்தது. வரைபடத்தில் படிக்கட்டை இடம் மாற்றிய பிறகே விண்ணப்பித்தார்.