வீடு முதலிலா, திருந்துவது முதலிலா?

வீடற்றோருக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று எங்கே பேச்சு எழுந்தாலும் அது ஒரே கேள்வியில் வந்து முட்டுகிறது. ஆளை முதலில் திருத்துவதா, வீட்டை முதலில் கொடுப்பதா?

பழைய முறை படிப்படியாக ஏற்றிவிடுவது. தெருவிலிருந்து இரவுக் காப்பகம். அங்கே குடியை விட்டால் மறுவாழ்வு விடுதி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் மேற்பார்வையுள்ள அறை. எல்லாவற்றிலும் தேறியவர் கையில் கடைசியாக ஒரு சாவி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. வரி கட்டுகிறவருக்கும் மனம் ஆறும். ஆனால் நடுவில் ஒருமுறை சறுக்கியவர் மறுபடி நடைபாதைக்கே வருகிறார். கதவும் பூட்டும் உள்ளவர்களாலேயே எளிதில் விட முடியாத குடியை, கொட்டும் மழையில் ஒதுங்க இடமில்லாதவர் விட்டுக் காட்ட வேண்டும் என்கிறது இந்த முறை.

இதைத் தலைகீழாக்கியவர் உளவியலாளர் சாம் செம்பரிஸ். 1992-இல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய திட்டம், மனநோயும் போதைப் பழக்கமும் உள்ளவர்களுக்கு நேரடியாகத் தனி வீடு கொடுத்தது. நிபந்தனைகள் மிகக் குறைவு: வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, பணியாளர்கள் வந்து பார்க்கச் சம்மதம். சிகிச்சை வேண்டுமா என்பது குடியிருப்பவரின் முடிவு.

இது பலிக்குமா என்பதைப் பெரிய அளவில் சோதித்தது கனடா. 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், வீடு பெற்றவர்களில் 62 சதவீதத்தினர் முழுக் காலமும் வீட்டில் இருந்தனர். வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தவர்களில் அப்படி இருந்தது 31 சதவீதம்தான். போதைப் பழக்கத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதிர்ப்பவர்கள் இந்த இரண்டாவது முடிவைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் தகவல் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு மருந்தல்ல, மருந்தாக இல்லை என்பதற்காக வீட்டைக் குறை சொல்வது விசித்திரம். செலவுக் கணக்கில் மட்டும் ஆதரவாளர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். மருத்துவமனைக்கும் சிறைக்கும் அடிக்கடி போய்வரும் சிறு பிரிவினரிடம்தான் திட்டச் செலவை மிஞ்சும் சேமிப்பு தெரிந்தது, எல்லோரிடமும் அல்ல.

பணமாகவே கொடுத்துவிடலாம் என்பது இன்னொரு வாதம். வான்கூவரில் 50 பேருக்கு ஒரே தவணையில் 7,500 கனடிய டாலர் கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்கள் வீடின்றிக் கழித்த நாட்கள், பணம் பெறாதவர்களைவிடச் சராசரியாக 99 குறைந்தன. குடித்தே தீர்ப்பார்கள் என்ற ஆரூடமும் பொய்த்தது. ஆனால் கடுமையான போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆகவே அண்மையில் வேலை போய் வாடகை கட்ட முடியாமல் வெளியேறியவருக்கு இது பொருத்தம்; பத்தாண்டாகத் தெருவில் இருப்பவருக்கு இது போதும் என்பதற்கு இதில் சான்று இல்லை.

காப்பகங்களைப் பெருக்குவது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் அரசியல்வாதிகளுக்குப் பிடித்தது. 1981-இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டால் நியூயார்க்கில் படுக்கை கேட்பது உரிமையாயிற்று. குளிரில் சாகாமல் காக்கும் அந்த உரிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் படுக்கைக்குச் செலவழிந்த பணத்தால் வீடுகள் பெருகிவிடவில்லை. தெருவில் படுத்தால் அபராதம் என்ற வழியும் உண்டு. 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தது. அபராதம் கட்ட வழியில்லாதவர் பக்கத்துத் தெருவுக்குப் போவார். இதில் அலச வேறொன்றும் இல்லை.

என் கட்சி வீடு முதலில் என்பதுதான். ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் பலர் வீடு எங்கிருந்து வரும் என்பதைச் சொல்வதில்லை. பின்லாந்து சொன்னது. 2008-இல் தேசியத் திட்டம் தொடங்கியபோதே புது வீடுகள் கட்டினார்கள், வாங்கினார்கள், காப்பகங்களை உடைத்துத் தனி வீடுகளாக்கினார்கள். ஹெல்சிங்கியில் சுமார் 250 பேர் தங்கிய ஒரு காப்பகம் 81 வீடுகளாக மாறியது. குடியிருப்பவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம். கட்ட முடியாத பங்குக்கு அரசின் வாடகை உதவி. 1980-களின் இறுதியில் 15,000-க்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் 3,500-க்கும் கீழே வந்தது. வீட்டையும் வாடகை உதவியையும் சேர்த்தே வைத்ததில்தான் அந்தத் திட்டத்தின் பலம் இருந்தது. அண்மையில் அங்கே சமூகப் பாதுகாப்பு உதவிகளில் கை வைத்தார்கள். பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிவந்த எண்ணிக்கை 2024-இல் ஏறியது.