ஜூனியர் சேர்க்கை: அறிமுகமா, அறிவிப்பா, ஸ்டைபண்டா?

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், தம்புச் செட்டி தெருவிலும் அர்மேனியன் தெருவிலும் உள்ள வக்கீல் சேம்பர்களில் (அலுவலகங்களில்) ஜூனியர் வக்கீல்களை எடுப்பது பெரும்பாலும் அறிமுகத்தில்தான். சீனியரின் நண்பர் போன் செய்வார். மறுவாரம் ஒரு புதுப் பையன் கேஸ் கட்டோடு கோர்ட்டில் நிற்பான். பெண்களும் தலித் இளைஞர்களும், வீட்டில் முதன்முதலாக கவுன் போடுகிறவர்களும் தன் சேம்பருக்கு வரவேண்டும் என்று நினைக்கும் சீனியர் இதை இரண்டு விதமாக மாற்றலாம். ஒன்று, எல்லோருக்கும் தெரிய அறிவித்து ஆள் எடுப்பது. இன்னொன்று, முதல் மாதத்திலிருந்தே பிழைக்கும் அளவுக்கு ஸ்டைபண்ட் (மாத உதவித்தொகை) கொடுப்பது.

அறிமுக முறையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர் தன் ரகசியத்தை நம்பி ஒப்படைக்கிற இடம் இது; தெரிந்த வீட்டுப் பிள்ளை என்றால் அந்தக் கவலை குறையும். ஆனால் சீனியருக்குத் தெரிந்த வட்டம் எதுவோ, அதே வட்டம்தான் திரும்பத் திரும்ப உள்ளே வரும்.

அறிவித்து எடுப்பதற்குச் செலவு குறைவு. அரசு சட்டக் கல்லூரிகளுக்குத் தகவல் அனுப்பி, பெயரும் ஊரும் மறைத்த ஒரு எழுத்துத் தேர்வு வைத்தால் போதும். இங்கே கவனிக்க வேண்டியது கேள்வித்தாள். ஆங்கிலத்தில் மனு எழுதச் சொன்னால் கான்வென்டில் படித்தவர்தான் முதலில் வருவார். அதற்குப் பதிலாக ஒரு பழைய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல் மூன்றையும் கொடுத்து, தேதிவாரியாக நிகழ்வுகளை எழுதச் சொல்லுங்கள், தமிழிலேயே. சர்வே எண் எந்த வருடம் உட்பிரிவானது, விற்றவருக்கு உரிமை எப்படி வந்தது என்பதைக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் சட்டென்று பிடிப்பார்கள். சிவில் வழக்கில் பாதி வேலை அதுதானே! ஆங்கில டிராஃப்டிங்கை ஆறு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சரி, தேர்வில் ஜெயித்தவர் சென்னையில் எதைக் கொண்டு வாழ்வார்? அறிவிப்பு மட்டும் தோற்றுப்போவது இங்கேதான். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நுழைவு மலிவானது, அதற்கடுத்த இரண்டு வருடம் மலிவாகவில்லை. அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் வீட்டிலிருந்து வரவேண்டும் என்றால், வீட்டில் வசதி இருப்பவர்தான் தொழிலில் நிலைப்பார்.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான மாநில பார் கவுன்சிலிடம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சொன்னது, பரிந்துரையாக மட்டும். சின்ன சேம்பர்களுக்கு இது பெரிய தொகை, உண்மைதான். அதற்காக நான்கு பேருக்கு ஐயாயிரம் என்று பிரித்துக் கொடுப்பதைவிட, ஒருவருக்கு இருபதாயிரம் கொடுப்பது மேல். அந்த நான்கு இடத்துக்கும் வசதியுள்ள பிள்ளைகளே வருவார்கள். இந்த ஒரு இடத்துக்கு யார் வேண்டுமானாலும் வர முடியும். ஒன்றுக்குத்தான் வழி இருக்கிறது என்றால் நான் ஸ்டைபண்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். அறிவிப்பை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், வந்தவர்கள் தங்குகிறார்களா என்பதை இரண்டுமே தீர்மானிப்பதில்லை. ஒருவர் வருடக்கணக்காக வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். பெண் ஜூனியரை ஃபைலிங்குக்கும் டிராஃப்டிங்குக்கும் ஒதுக்கிவிட்டு, வாதத்துக்கு வேறு ஆளை அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதற்கு ஒரு நோட்டு போதும்: எந்த வழக்கில் யார் எழுந்து பேசினார் என்று குமாஸ்தா தினமும் எழுதி வைக்கட்டும், மாதக் கடைசியில் சீனியர் அதைப் புரட்டிப் பார்க்கட்டும். கான்ஃபரன்ஸை ராத்திரி ஒன்பதுக்கு வைக்காமல் கோர்ட் முடிந்ததும் ஐந்தரைக்கு வைத்தால், ஹாஸ்டல் கேட் மூடும் முன் போக வேண்டிய பெண்ணும் கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து வழக்கைக் கேட்க முடியும்.