காற்றுக்கு வீல் வாங்கப் போய் 68,500 ரூபாயைக் காற்றில் விட்டேன்

முழங்கைச் சிராய்ப்பு இன்னும் காயவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஆறிப்போனால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். போனது 68,500 ரூபாய், ஒரு ஜோடி சைக்கிள் வீலுக்கு. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். வெளியூரில் இருந்துகொண்டு போனிலும் பார்சலிலும் வியாபாரம் பண்ணுகிற ஒரு பந்தய சைக்கிள் கடை, அவ்வளவுதான்.

கடலோரப் பாதையில் நடக்கும் ஒரு டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். பாதை முழுக்கக் காற்று என்று போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாகர்கோவில்காரனுக்குக் காற்றில் ஓட்டிப் பழக வேறெங்கும் போக வேண்டாம், தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் போதும். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மலையிடுக்கில் நெருக்கிக்கொண்டு வருவதால்தானே முப்பந்தலில் அத்தனை காத்தாடி நிற்கிறது. நானோ 57 கிலோ. ஆழமான ரிம், அதாவது டயர் உட்காரும் வளையம் வீலின் நடுவை நோக்கி அகலமாக இறங்கியிருப்பது, நேர்ச்சாலையில் வேகம் தரும், ஆனால் முன் வீலில் அது பாய்மரம் மாதிரி குறுக்குக் காற்றைப் பிடித்து ஹேண்டிலையே திருப்பும். இது தெரிந்துதான் யோசனை கேட்கப் போனேன்.

அங்கேதான் விழுந்தேன். வீடியோ காலில் வந்த பையன் விலையே பேசவில்லை. முதலில் எடை கேட்டான், எந்த ரோட்டில் ஓட்டுகிறேன் என்று கேட்டான். சொன்னதும் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, ஆரல்வாமொழிக் காத்து எனக்குத் தெரியாதா? எங்க அம்மைக்க ஊரு தோவாளையாக்கும்" என்றான். அதோடு நான் முடிந்தேன். அப்புறம் ஹவாயில் கோனா டிரையத்லான் பந்தயத்தில் காற்றுக்குப் பயந்து பின்பக்க டிஸ்க் வீலுக்கே, கம்பி தெரியாமல் தட்டு மாதிரி முழுக்க மூடிய வீல் அது, தடை வைத்த கதையெல்லாம் சொன்னான். அது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். "உங்க எடைக்கு ரிம் ஆழம் முன்னாடி 40 மில்லிமீட்டர், பின்னாடி 60, அதுக்கு மேல நான் தரவே மாட்டேன்" என்றான். தரவே மாட்டானாம்! பில்லோடு 74,500, பில் இல்லாமல் 68,500 என்றான். ஆறாயிரத்துக்கு ஆசைப்பட்டுப் பில் வேண்டாம் என்றது நான்தான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

பார்சல் வந்தது. முன் வீலில் "40" என்று பளபளவென்று ஸ்டிக்கர். முதல் நாளே வண்டி ஆடியது. போன் போட்டால், "டயர்ல காத்து கம்மியா இருக்கும் அண்ணாச்சி, 100 அடிங்க, ஆடாது" என்றான். அடித்தேன்.

ஞாயிறு காலை காவல்கிணறு வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது காற்று வலப்பக்கம், அதற்கு எதிராக உடம்பைச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும். பின்னாலிருந்து ஒரு டாரஸ் லாரி முந்தியது. லாரி மறைத்ததும் காற்று சட்டென்று நின்றது, சாய்ந்த வாக்கில் வண்டி லாரிப் பக்கமே இழுபட்டது, பதறி நிமிர்த்துகிறேன், அதற்குள் லாரி கடந்துபோய் மொத்தக் காற்றும் ஒரே அடியாக முன் வீலில் விழுந்தது. ஹேண்டில் என் கையில் இல்லை. இடப்பக்க மண்ணில் கிடந்தேன். வலப்பக்கம் விழுந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றி, மகளுடைய பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். முன் ரிம் 60. பின் ரிம்மும் 60. ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசைத் தடம். அதைவிட வயிற்றைக் கலக்கியது ரிம்மின் உள்ளே இருந்த பொடி எழுத்து. டயரைப் பிடிக்க உள்விளிம்பில் கொக்கி இல்லாத வகையாம் அது, அந்த வகைக்கு டயர் காற்றழுத்தம் 72.5 பிஎஸ்ஐதான் உச்சம். நான் 100 அடித்து ஓட்டியிருக்கிறேன்! டயர் தெறிக்காமல் இருந்தது நாகராஜா கோயிலில் அம்மா ஊற்றிய பாலால்தான்.

அதன் பிறகு கேட்ட பதில்கள். "ரிம் அளக்கிற முறை வேற." "ரெண்டும் ஒரே ஆழம்னா பேலன்ஸ் நல்லா இருக்கும்." "நீங்க ரொம்ப ஒல்லி." "ஓனர் ஊர்ல இல்ல." மறுநாள், "ஸ்டிக்கரை உரிச்சிட்டீங்களே, இனி ரிட்டர்ன் கிடையாது." 68,500 கொடுத்தவனிடம் ஸ்டிக்கரைப் பேசுகிறான். கடைசியாக, பழைய வீல் கணக்கில் 20,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மை. இப்போது ப்ளூ டிக் மட்டும்தான். 1915-க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டேன். முதல் கேள்வியே "பில் இருக்கா சார்?"

எந்தப் பாதைக்கு எந்த வீல் என்று விரிவாக எழுதுவதாக நம் சைக்கிள் குழுவில் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஆள் ஒல்லி, காற்று விட்டுவிட்டு அடிக்கிற பாதை என்றால் முன் ரிம் 30, 40-க்கு மேல் வேண்டாம். பின்னால் ஆழம் இருக்கலாம், அது ஹேண்டிலைத் திருப்பாது. ரிம்மில் வீலின் நடுவைப் பார்த்த விளிம்பு கத்தி மாதிரி கூராக இல்லாமல் அகலமாக, மழுங்கலாக இருக்கட்டும். பணம் அனுப்பும் முன் ஸ்கேல் வைத்து வீடியோ கேளுங்கள். பிஎஸ்ஐ-யை ரிம்மில் பாருங்கள், கடைக்காரன் வாயில் பார்க்காதீர்கள். பில் வாங்குங்கள், பில் வாங்குங்கள்.

பழைய அலுமினிய வீலையே மாட்டிவிட்டேன், பந்தயமும் அதில்தான். 68,500 ரூபாய் வீல் மாடியில் கொடிக்கம்பிக்குப் பக்கத்தில் தொங்குகிறது, ஆடிக் காற்றில் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. தோவாளைப் பக்கம் யாருக்காவது, மகன் வெளியூரில் சைக்கிள் கடையில் இருக்கிறான் என்று சொல்லும் ஒரு அம்மையைத் தெரிந்தால் சொல்லுங்கள். நேரில் போய் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.